லினக்ஸ் கெர்னலில் தோல்விப் பாதை எழுத உதவும் ஆவணங்களும் கருவிகளும்: ஒரு மதிப்பீடு

ஒரு டிரைவரின் ப்ரோப் ஃபங்ஷன், அதாவது சாதனத்தோடு பிணையும்போது ஓடுவது, வரிசையாக நான்கு பொருள்களை வாங்குகிறது: கொஞ்சம் நினைவகம், ஒரு கிளாக், ஓர் இன்டரப்ட், கடைசியாக ஒரு துணை அமைப்பில் பதிவு. நான்காவது கிடைக்காவிட்டால் முதல் மூன்றையும் தலைகீழ் வரிசையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, சரியான பிழை எண்ணோடு வெளியேற வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனாலும் நிலையான கெர்னல் வெளியீடுகளின் மாற்றப் பட்டியலைப் புரட்டினால் ‘பிழைப் பாதையில் நினைவகக் கசிவு சரிசெய்யப்பட்டது’ என்ற வகை வரிகள் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும்.

காரணம் எழுதுபவரின் கவனக்குறைவு மட்டுமல்ல. 4 கேபி பக்கங்கள் கொண்ட கணினியில் 32 கேபி வரையிலான சாதாரண ஜிஎஃப்பி_கெர்னல் கோரிக்கைகளை (உறங்கிக் காத்திருக்கக்கூடியவற்றை) நினைவக ஒதுக்கி எளிதில் கைவிடுவதில்லை. இடம் கிடைக்கும்வரை திரும்பத் திரும்ப முயலும். அதனால் அந்தக் கோரிக்கைகளின் தோல்விக் கிளை சோதனை மேசையில் ஒருமுறைகூட ஓடாமலேயே வெளியீட்டுக்குப் போய்விடுகிறது. ஓடாத நிரலுக்கு ஆவணம்தான் முதல் காவல். அந்த ஆவணம் சொல்வது உண்மையா என்று ஓட்டிப் பார்ப்பது இரண்டாவது காவல். இரண்டுக்கும் கெர்னல் மூலத் தொகுப்புக்குள்ளேயே கிடைக்கும் வசதிகளைத்தான் இங்கே மதிப்பிடுகிறோம். எல்லாம் இலவசம், எல்லாம் ஒரே தொகுப்பில் இருக்கின்றன. தரம் மட்டும் ஒரே சீராக இல்லை.

கோடிங் ஸ்டைல் ஆவணத்தின் ஏழாம் பகுதியிலிருந்து தொடங்கலாம். பல இடங்களிலிருந்து வெளியேறும் ஃபங்ஷனுக்கு, துடைப்பு வேலை (வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது) பொதுவாக இருந்தால், கோட்டூ பயன்படுத்தி ஒரே இடத்தில் முடிக்கச் சொல்கிறது அது. லேபிளுக்கு எர்1, எர்2 என்று எண் போடாதே, அது என்ன செய்கிறதோ அதையே பெயராக வை என்கிறது. நல்ல அறிவுரை, காரணமும் சொல்கிறது. இடையில் ஒரு படியைச் சேர்த்தாலோ நீக்கினாலோ எண்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும். ‘அவுட்_ஃப்ரீ_பஃபர்’ என்று இருந்தால் அந்த வரியைப் படித்ததுமே சரியா தவறா என்று சொல்லிவிடலாம்.

அதே பகுதி ‘ஒன் எர்’ வழு என்று ஒன்றை விளக்குகிறது. ஒரே லேபிளின் கீழ் முதலில் ஃபூ->பார், பிறகு ஃபூ என இரண்டையும் விடுவிக்கிறீர்கள். ஃபூ கிடைக்காத நிலையிலும் அதே லேபிளுக்குத் தாவினால் ஃபூ வெற்றுப் பாயிண்டர். ஃபூ->பார் என்று அதைத் தொட்டதுமே கெர்னல் விழும். தீர்வு, லேபிளை இரண்டாகப் பிரிப்பது. ஆனால் இதற்கு இணையாகவே அடிக்கடி நடக்கும் இன்னொரு வழுவுக்கு அங்கே இவ்வளவு இடம் இல்லை: ஃபங்ஷன் திருப்பித் தரும் ரெட் மாறியில் பிழை எண்ணைப் போடாமலே வெளியேறும் லேபிளுக்குத் தாவுவது. முந்தைய அழைப்பு வெற்றி பெற்றிருந்ததால் ரெட் இன்னும் 0. வாங்கிய எல்லாம் துடைக்கப்பட்டுவிட்டன, அழைத்தவருக்குக் கிடைத்ததோ ‘வெற்றி’. கசிவைவிட இது மோசம், ஏனென்றால் அழைத்தவர் விடுவிக்கப்பட்ட பொருளை நம்பி மேலே போகிறார். நிரலை ஓட்டாமலே ஆராயும் டான் கார்பென்டரின் ஸ்மேட்ச் கருவி இந்த வகையைக் குறிப்பாகத் தேடிப் பிடிக்கும். கெர்னல் தொகுப்புக்கு வெளியே இருந்து தனியாக இறக்கி நிறுவ வேண்டும் என்றாலும், புதிய டிரைவர் எழுதுபவர்கள் அதைத் தவிர்க்கக் கூடாது.

ஏழாம் பகுதியின் எல்லை ஃபங்ஷனின் உட்புறத்தோடு முடிகிறது. இரண்டு ஃபங்ஷன்களுக்கு இடையில் என்ன ஒப்பந்தம் என்பதைச் சொல்லும் இடம், ஃபங்ஷனுக்கு மேலே எழுதும் கெர்னல்-டாக் குறிப்பு. அதன் ‘ரிட்டர்ன்’ பகுதியும் ‘கான்டெக்ஸ்ட்’ பகுதியும் இதற்காகவே இருக்கின்றன. இந்தக் குறிப்புகளைப் படித்து ஆவணப் பக்கம் ஆக்கும் கருவி பல ஆண்டுகள் பெர்லில் ஓடி, 2025இல் பைத்தானுக்கு மாறியது. எழுதும் முறை மாறவில்லை.

இங்கே புதியவர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. ரிட்டர்ன் பகுதியில் வெற்றிக்கான 0, பிழை எண்களான -ஈஇன்வால், -ஈநோமெம் என்று வரிக்கு ஒன்றாக எழுதினால் மூலக் கோப்பில் அழகாகத் தெரியும். ஆக்கப்பட்ட பக்கத்தில் எல்லாம் ஒரே பத்தியாக ஒட்டிக்கொள்ளும், ஏனென்றால் கருவி வரி முறிவைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒவ்வொரு மதிப்புக்கும் முன்னால் பட்டியல் குறி வேண்டும். டபிள்யூ=1 கொடுத்துத் தொகுத்தால் சி கோப்புகளில் உள்ள குறிப்புகளின் வடிவப் பிழைகள் தெரியும். ரிட்டர்ன் பகுதியே இல்லாத ஃபங்ஷன்களையும் காட்ட வேண்டுமானால் கெர்னல்-டாக் ஸ்கிரிப்டை ‘-நன்’, ‘-டபிள்யூரிட்டர்ன்’ கொடிகளுடன் நேரடியாக ஓட்டுங்கள்.

ஆனால் இந்தக் கருவி பார்ப்பது வடிவத்தை மட்டுமே. தோல்வி அடைந்தால் கொடுத்த பொருள் யாருக்குச் சொந்தம் என்று சொல்ல அதில் தனிப் பகுதியே கிடையாது. நம் பார்வையில் இதுதான் கெர்னல்-டாக்கின் பெரிய குறை. ஆகவே அதை ரிட்டர்ன் பகுதியில் வாக்கியமாகவே எழுத வேண்டும்: எந்தெந்த எண்கள் திரும்பும், ஒவ்வொன்றும் எப்போது, பாயிண்டர் திரும்பினால் தோல்வியில் வருவது வெற்றுப் பாயிண்டரா, எர்_பிடிஆர் வகையா, தோல்வியின்போது அழைத்தவர் எதை, எந்த ஃபங்ஷனால் விட வேண்டும், வெற்றிக்குப் பிறகு திருப்பிக் கொடுப்பது எது. வெற்றா எர்_பிடிஆரா என்பதைச் சொல்லாமல் விட்டால் வரும் கேடு தனி வகை. எர்_பிடிஆர் என்பது முகவரி வெளியின் கடைசி 4095 மதிப்புகளில் பிழை எண்ணைப் பொதிந்து தருவது. அது வெற்று அல்ல. எனவே ‘வெற்றா’ என்று மட்டும் பார்க்கும் சோதனை அதை நல்ல பாயிண்டராக ஏற்றுக்கொள்ளும். தெரியாததற்கு இரண்டையும் பார்த்துவிடலாம் என்று இஸ்_எர்_ஆர்_நல் போடுகிறார்கள், உடனே பாயிண்டரிலிருந்து பிழை எண்ணை எடுக்கும் பிடிஆர்_எர் மதிப்பைத் திருப்புகிறார்கள். வெற்றுப் பாயிண்டருக்கு அந்த மதிப்பு 0. மறுபடியும் தோல்வி, வெற்றி வேடத்தில்.

குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு டிவைஸ்_ரெஜிஸ்டர் ஃபங்ஷனின் குறிப்பைப் படியுங்கள். இதை அழைத்த பிறகு, பிழை திரும்பியிருந்தாலும்கூட, டெவ் பொருளை நேரடியாக விடுவிக்கவே கூடாது. எப்போதும் புட்_டிவைஸ் மூலமே பிடியை (பொருளை எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையில் நம் பங்கை) விட வேண்டும் என்று அது திட்டவட்டமாகச் சொல்கிறது. கோபிஜெக்ட்_இனிட்_அண்ட்_ஆட் குறிப்பும் அப்படித்தான்: பிழை வந்தால் கோபிஜெக்ட்_புட் அழைக்க வேண்டும். தோற்ற அழைப்புக்குப் பிறகும் ஒரு பிடி எண்ணிக்கை உங்கள் கையில் இருக்கிறது என்பது யாரும் தானாக ஊகிக்கக்கூடியதல்ல. நினைவகத்தை நேரடியாக விடுவிக்கும் கேஃப்ரீ போட்டுவிட்டால் பொருளின் பெயருக்காக உள்ளே ஒதுக்கிய நினைவகம் கசியும். இரண்டு குறிப்புகளும் இதைச் சுருக்கமாகச் சொல்லித் தடுக்கின்றன.

எவ்வளவு நல்ல குறிப்பாலும் காப்பாற்ற முடியாத இடைமுகமும் உண்டு. உறங்கும் சாதனத்தை விழிக்கவைக்கும் பிஎம்_ரன்டைம்_கெட்_சிங்க் தோற்றாலும் பயன்பாட்டு எண்ணிக்கையை ஒன்று கூட்டிவிட்டுத்தான் திரும்பும். சாதனம் ஏற்கெனவே விழித்திருந்தால் 1 தரும், ஆகவே ‘0 இல்லையென்றால் பிழை’ என்ற சோதனையும் தவறு. டிரைவர் மேல் டிரைவராக எண்ணிக்கை குறைக்கப்படாமல் விடப்பட்டது. கடைசியில், 2020இல் வந்த 5.10 கெர்னலில், தோற்றால் எண்ணிக்கையைத் தானே சரிசெய்து 0 அல்லது எதிர்மறை எண் மட்டும் தரும் பிஎம்_ரன்டைம்_ரெஸ்யூம்_அண்ட்_கெட் சேர்க்கப்பட்டது. உங்கள் ஃபங்ஷனின் தோல்வி ஒப்பந்தத்தை விளக்க அரைப் பக்கம் தேவைப்படுகிறது என்றால், குறிப்பை நீட்டாதீர்கள், ஃபங்ஷனை மாற்றுங்கள்.

இனி, துடைப்பைத் தானாக நடத்த உதவும் தலைப்புக் கோப்பான கிளீனப்.ஹெச். பீட்டர் சிஜ்ல்ஸ்ட்ரா எழுதிய இது 2023இல் 6.5 கெர்னலில் நுழைந்தது. ஜிசிசி, கிளாங் ஆகிய தொகுப்பிகள் தரும் ‘கிளீனப்’ பண்பின் மேல் நிற்கிறது: மாறி தன் எல்லையைத் தாண்டும்போது, ரிட்டர்ன் எங்கிருந்து நடந்தாலும், குறித்துவைத்த ஃபங்ஷன் தானாக அழைக்கப்படும். மாறியை அறிவிக்கும்போதே ஃப்ரீ(கேஃப்ரீ) என்று குறித்தால் போதும். பூட்டுகளுக்கு கார்ட், ஒரு தொகுதிக்குள் மட்டும் பூட்ட ஸ்கோப்டு_கார்ட். வெற்றியில் பாயிண்டரை வெளியே கொடுக்கும்போது ரிட்டர்ன்_பிடிஆர் அல்லது நோ_ஃப்ரீ_பிடிஆர். இவை உள்ளூர் மாறியை வெற்றாக்கிவிட்டு மதிப்பை மட்டும் கைமாற்றும். இதை மறந்து சாதாரண ரிட்டர்ன் போட்டால் அழைத்தவர் கையில் போவது ஏற்கெனவே விடுவிக்கப்பட்ட நினைவகம். வெற்றி பெற்றால் மட்டும் பொருளை எடுத்துக்கொள்ளும் பதிவு ஃபங்ஷன்களுக்கு ரிடெய்ன்_அண்ட்_நல்_பிடிஆர் இருக்கிறது: முதலில் பாயிண்டரை அப்படியே கொடுங்கள், பதிவு வென்றது உறுதியான பிறகு இதைச் சொல்லுங்கள்.

ஓராண்டு கழித்து, 2024இல், டான் வில்லியம்ஸ் இதற்கு ஆவணம் சேர்த்தார். கெர்னல் தொகுப்பிலுள்ள மிகச் சிறந்த சிறிய ஆவணங்களில் ஒன்று என்று தயங்காமல் சொல்லலாம். எப்படிப் பயன்படுத்துவது என்பதோடு நிற்காமல், எங்கே உடையும் என்பதை நிரலோடு காட்டுகிறது. முக்கியமான பாடம் வரிசை. துடைப்புகள் அறிவித்ததற்குத் தலைகீழாக ஓடும். பழைய வழக்கப்படி பாயிண்டரை ஃபங்ஷனின் உச்சியில் வெற்றாக அறிவித்துவிட்டு, பிறகு கார்ட் போட்டுப் பூட்டி, அதன் பின் பாயிண்டருக்கு மதிப்புக் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். வெளியேறும்போது முதலில் பூட்டு திறக்கும், பிறகுதான் பொருள் விடுபடும். அந்தப் பொருளை விடுவிக்கும் ஃபங்ஷனுக்குப் பூட்டு தேவை என்றால், பூட்டு இல்லாமலே அது ஓடிவிடும். தொகுப்பியிடமிருந்து எச்சரிக்கையும் வராது. ஆகவே அறிவிப்பும் மதிப்பும் ஒரே வரியில், தேவைப்படும் இடத்தில். ஃபங்ஷன் நடுவில் மாறியை அறிவிப்பது கெர்னலில் நீண்ட காலம் எச்சரிக்கைக்கு உரியதாக இருந்தது. இதற்காகவே அந்த எச்சரிக்கை நீக்கப்பட்டது.

இரண்டாவது கட்டளை: ஒரே ஃபங்ஷனில் கோட்டூவையும் கிளீனப் உதவிகளையும் கலக்காதே. இது அழகுக்கான விதி என்று எண்ணிக் கடந்துபோகிறவர்கள் பலர். அப்படியல்ல. ஃப்ரீ குறியிட்ட மாறியின் அறிவிப்பைத் தாண்டி ஒரு கோட்டூ குதித்தால், மதிப்பே போடாத மாறியின் மேல் துடைப்பு ஓடும்; குப்பை முகவரியைக் கேஃப்ரீக்குக் கொடுப்பீர்கள். கிளாங் இதைப் பிழை என்று நிறுத்தும், ஜிசிசி பேசாமல் தொகுத்துவிடும். ஸ்விட்ச் உள்ளே, அடைப்புக்குறி இல்லாத ஒரு கேஸில் கார்ட் போட்டால் அடுத்த கேஸுக்கான தாவலும் இதே கதிதான். ஜிசிசி பயன்படுத்துவோர் அனுப்புவதற்கு முன் ஒருமுறையாவது எல்எல்விஎம்=1 கொடுத்துக் கிளாங்கில் தொகுத்துப் பார்க்க வேண்டும். பழைய கோட்டூ ஃபங்ஷனை மாற்றுவதானால் முழுதாக மாற்றுங்கள், இல்லையென்றால் தொடாதீர்கள்.

எல்லாத் துணை அமைப்பும் இதை ஒரே மாதிரி வரவேற்பதில்லை. நெட்வொர்க்கிங் பராமரிப்பாளர்களின் ஆவணம் வெளிப்படையாகவே ஐயம் தெரிவிக்கிறது: 20 வரிக்கு மேல் நீளும் ஃபங்ஷனில் கார்ட் வேண்டாம், ஸ்கோப்டு_கார்ட் படிக்க எளிது, சாதாரணப் பூட்டுதல்-திறத்தலுக்கே இன்னும் சற்று முன்னுரிமை, டிரைவர்களில் நேரடியாக ஃப்ரீ குறியிடுவதை ஊக்குவிப்பதில்லை. நியாயமான நிலைப்பாடு இது. பூட்டு எங்கே திறக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாத நீண்ட ஃபங்ஷனை மதிப்பாய்வு செய்வது உண்மையிலேயே கடினம்.

வாங்கியதைச் சாதனத்தோடு பிணைத்துத் தானாக விடுவிக்கும் டெவ்எம் ஃபங்ஷன் குடும்பம் இதற்கு மூத்தது. அதன் அடிப்படையான, டேஜுன் ஹியோவின் டெவ்ரெஸ் 2007 முதல் இருக்கிறது. ப்ரோப் தோற்றாலோ டிரைவர் பிரிந்தாலோ எல்லாம் தலைகீழ் வரிசையில் விடுபடும். ஆவணம் போதுமானது, ஆபத்துகளைப் பற்றி மட்டும் குறைவாகப் பேசுகிறது. இரண்டைச் சொல்லியாக வேண்டும். ரிமூவ் ஃபங்ஷன் முடிந்த பிறகுதான் டெவ்எம் பொருள்கள் விடுபடும். இன்டரப்டை டெவ்எம்மில் வாங்கி, அது தொடும் பஃபரை ரிமூவில் கையால் கேஃப்ரீ செய்தால், நடுவில் வரும் ஓர் இன்டரப்ட் செத்த நினைவகத்தைத் தொடும். பாதியை டெவ்எம்மிலும் பாதியைக் கையாலும் வைக்காதீர்கள். டெவ்எம் வடிவம் இல்லாத துடைப்புக்கு டெவ்எம்_ஆட்_ஆக்ஷன்_ஆர்_ரீசெட் உண்டு. இன்னொன்று: டெவ்எம் நினைவகத்தின் ஆயுள் டிரைவர் பிணைந்திருக்கும்வரைதான். பயனர் நிரல் சாதனக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும்போது சாதனம் பிடுங்கப்பட்டால், கோப்பு உயிரோடு, அதன் பின்னால் உள்ள கட்டமைப்பு போய்விட்டது. சாதனக் கோப்பு வழங்கும் டிரைவரில் அந்தக் கட்டமைப்பைப் பிடி எண்ணிக்கையோடுதான் வைத்திருக்க வேண்டும்.

எழுதியாயிற்று. சொன்னபடி நடக்கிறதா? இங்கேதான் நம் மதிப்பீட்டில் முதலிடம் பெறும் கருவி வருகிறது: வேண்டுமென்றே தோல்வியைப் புகுத்தும் ஃபால்ட் இன்ஜெக்ஷன் வசதியின் ஃபெயில்-நெத் கோப்பு. இத்தனை பயனுள்ள வசதி இவ்வளவு குறைவாகப் பேசப்படுவது வருத்தம் தருகிறது. அதே வசதியில் நினைவக ஒதுக்கீட்டுக்கான ஃபெயில்ஸ்லாபில் பொதுவாக நிகழ்தகவு கொடுத்து ஆங்காங்கே ஒதுக்கீட்டைத் தோற்கடிக்கலாம். ஆனால் எந்த அழைப்பு தோற்றது என்பது தற்செயல். ஃபெயில்-நெத்தில் 1 எழுதினால் இந்தத் த்ரெட்டின் முதல் ஒதுக்கீடு தோற்கும், 2 எழுதினால் இரண்டாவது. ஒன்று விடாமல் எல்லாத் தோல்விக் கிளைகளையும் வரிசையாக நடக்கவைக்கலாம்.

கெர்னலை ஃபால்ட்_இன்ஜெக்ஷன், ஃபெயில்ஸ்லாப், ஃபால்ட்_இன்ஜெக்ஷன்_டீபக்_எஃப்எஸ் ஆகிய தேர்வுகளோடு தொகுங்கள். கூடவே தவறான நினைவகப் பயன்பாட்டைப் பிடிக்கும் கேஏசான், கசிவைத் தேடும் டீபக்_கேமெம்லீக், பூட்டுப் பிழைகளைக் காட்டும் லாக்டெப். பிறகு கெர்னலின் பிழைதேடும் கோப்பு அமைப்பான டீபக்எஃப்எஸ்ஸில் ஃபெயில்ஸ்லாப் அடைவுக்குள் இக்னோர்-ஜிஎஃப்பி-வெயிட் கோப்பில் ‘என்’ என்ற ஆங்கில எழுத்தை எழுத வேண்டும். இதை விட்டுவிட்டு ‘எதுவுமே தோற்கவில்லையே’ என்று குழம்புவது வழக்கம். அதன் இயல்பு மதிப்பு ஒய். அப்போது உறங்கக்கூடிய ஒதுக்கீடுகள், அதாவது டிரைவர்களில் பெரும்பாலான ஜிஎஃப்பி_கெர்னல் அழைப்புகள், தொடப்படாமலே போகும். வெர்போஸ் கோப்பில் 2 எழுதினால் ஒவ்வொரு செயற்கைத் தோல்விக்கும் அழைப்புத் தடம் பதிவாகும்.

சோதனை நிரலைச் சியில் எழுதுவது நல்லது. ஷெல்லில் எழுதினால் ஷெல்லின் சொந்த அழைப்புகளே எண்ணிக்கையைத் தின்றுவிடும். சுழற்சிக்குள் எண்ணை ஃபெயில்-நெத் கோப்பில் எழுதுங்கள், சோதிக்க வேண்டிய ஐஓசிடிஎல்லையோ ஓப்பனையோ அழையுங்கள், திரும்பிய பிழை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், அதே கோப்பைப் படியுங்கள். 0 என்றால் தோல்வி புகுத்தப்பட்டது. எண்ணை ஒன்று கூட்டித் தொடருங்கள். நேர்மறை எண் மீதமிருந்தால் அவ்வளவு ஒதுக்கீடுகளே நடக்கவில்லை என்று பொருள். 0 எழுதி அணைத்துவிட்டு நிறுத்துங்கள். ப்ரோப்பைச் சோதிக்க, டிரைவரின் பைண்ட் கோப்பில் சாதனப் பெயரை எழுதும் அழைப்பையே இப்படிச் சுற்றவிடலாம். தொடக்க எண்கள் சில உங்கள் நிரலை எட்டாமல் சிஸ்எஃப்எஸ், டிரைவர் கோர் பகுதிகளிலேயே தோற்கும், அது இயல்பு. ஒர்க்கியூவில் (பின்னணி வேலை வரிசையில்) வேறு த்ரெட்டில் ஓடும் வேலையை இது தொடாது. அதற்கு நிகழ்தகவு முறைதான்.

குறித்துவைத்த எண்களை இப்போது ரிட்டர்ன் பகுதியோடு ஒப்பிடுங்கள். ஒதுக்கீடு தோற்றும் 0 திரும்பிய வரிசை எண் எதுவோ அங்கே வழு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாற்று வழியில் சமாளித்து வெற்றி பெறுவதாக இருந்தால் அதுவும் குறிப்பில் இருக்க வேண்டும். குறிப்பில் இல்லாத எண் திரும்பினால் ஒன்று குறிப்பு தவறு, அல்லது நிரல் தவறு. பூட்டை விடாமல் வெளியேறிய கிளையை, பூட்டோடு பயனர் வெளிக்குத் திரும்புகிறது என்று லாக்டெப் சொல்லும். இருமுறை விடுவித்ததைக் கேஏசான் சொல்லும்; நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கை அது தன் நிழலுக்கு எடுத்துக்கொள்வதால் சோதனைக் கணினிக்கு ரேம் தாராளமாகக் கொடுங்கள்.

கசிவுக்குக் கேமெம்லீக். கேட்டலின் மாரினாஸின் இந்தக் கருவி 2009இல் 2.6.31உடன் வந்தது. நினைவகத்தை வருடி, எந்தப் பாயிண்டரும் சுட்டாத ஒதுக்கீடுகளைப் பட்டியலிடும். இயல்பாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும். அதுவரை காத்திருக்க வேண்டாம். சுழற்சிக்கு முன் அதன் கோப்பில் கிளியர் எழுதுங்கள். சுழற்சி முடிந்து 5 நொடிக்கு மேல் பொறுத்து ஸ்கேன் எழுதுங்கள். அதைவிட இளைய பொருள்களை அது அறிக்கையில் சேர்ப்பதில்லை. இரண்டாம் முறையும் ஸ்கேன் கொடுத்து, அப்போதும் நிற்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அறிக்கையில் வரும் தடம் நினைவகம் வாங்கப்பட்ட இடத்தைக் காட்டும், விடத் தவறிய இடத்தை அல்ல. ஒவ்வொரு வரிசை எண்ணுக்கும் தனியாக வருடினால் ஃபெயில்ஸ்லாபின் தடம் தோற்ற இடத்தைக் காட்டும். இரண்டுக்கும் நடுவில் விடுபட்ட லேபிள் சிக்கிவிடும்.

கேமெம்லீக்கின் ஆவணம் தன் குறைகளையும் நேர்மையாகச் சொல்கிறது. தற்செயலாக முகவரியைப் போலவே இருக்கும் ஏதோ ஒரு மதிப்பு நினைவகத்தில் கிடந்தால் உண்மையான கசிவு மறையும். பக்க ஒதுக்கீடுகளையும் ஐஓரீமேப்பையும் அது பின்தொடர்வதில்லை. கூடிப்போன பிடி எண்ணிக்கையும் அதன் கண்ணில் படாது: பொருள் இன்னும் ஏதாவது பட்டியலில் தொங்கிக்கொண்டிருப்பதால் அது அநாதை அல்ல. வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயின் கணுக்களைச் சுற்றிவரும் ஃபார்_ஈச்_சைல்ட்_ஆஃப்_நோட் சுழற்சியிலிருந்து பாதியில் வெளியேறி ஆஃப்_நோட்_புட் மறப்பது இந்த வகைதான். அதே மேக்ரோவின் ஸ்கோப்டு வடிவம் இருக்கும் கெர்னலில் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கங்கள் கசிகின்றனவா என்று பார்க்க, ஒவ்வொரு பக்கத்தையும் வாங்கியது யார் என்று பதியும் பேஜ்_ஓனர் தேர்வோடு தொகுத்து, பூட் வரியில் பேஜ்_ஓனர்=ஆன் கொடுத்து, சுழற்சிக்கு முன்னும் பின்னும் அதன் டீபக்எஃப்எஸ் கோப்பை நகலெடுத்து, டூல்ஸ் அடைவின் எம்எம் பகுதியில் உள்ள பேஜ்_ஓனர்_சார்ட்டால் இரண்டையும் அடுக்கி ஒப்பிட வேண்டும்.